தொழிலாளிக்கு விழிப்புணர்வு இல்லை என்பது பொய்

பனியன் கம்பெனியிலோ நூல் மில்லிலோ வேலை பார்க்கும் ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோனால், சுற்றியுள்ள படித்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: "இவங்களுக்கு விழிப்புணர்வே இல்லைங்க." வங்கி மேலாளர் சொல்கிறார். மனிதவள அலுவலர் சொல்கிறார். புகாரை வாங்கும் காவலரும் சொல்கிறார். தொழிலாளர் நலனுக்கென்றே இயங்கும் தொண்டு நிறுவனங்கள்கூடத் தங்கள் திட்ட அறிக்கையின் முதல் பத்தியில் இதையே எழுதுகின்றன. நோய் அறியாமைதான் என்று முடிவாகிவிட்டால் மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு வகுப்பு எடுத்தால் போதும்.

அந்த வகுப்பு எப்படி நடக்கும் என்பது திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி முக்கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். கேன்டீனில் நூறு, நூற்றைம்பது பேரை உட்கார வைப்பார்கள். திரையில் ஓடுவது ஐடி ஊழியர்களுக்காகத் தயாரித்த படங்கள்: சந்தேகமான மின்னஞ்சலைத் திறக்காதே, பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் கலந்து வை, மடிக்கணினியைப் பூட்டாமல் எழுந்து போகாதே. கேட்டுக்கொண்டிருக்கும் செக்கிங் பெண்ணுக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதைப் போட்டுக் கொடுத்தவர் செல்போன் கடைக்காரர். அதன் பாஸ்வேர்டும் அவருக்குத்தான் தெரியும். கடைசியில் "ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது" என்று எல்லோரையும் ஒரே குரலில் சொல்ல வைப்பார்கள். கையெழுத்து வாங்கி, பேனருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு கலைவார்கள். படமும் கையெழுத்துத் தாளும், வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டருக்குக் காட்டும் ஃபைலில் சேரும்.

நல்ல வகுப்பாக எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். படத்தை மாற்றலாம், நாடகம் போடலாம், பரிசு கொடுக்கலாம் என்கிறார்கள். அடிப்படைக் கணிப்பே தவறாக இருக்கும்போது வகுப்பை மெருகேற்றிப் பயனில்லை. தொழிலாளி ஏமாறுவதற்கு முதல் காரணம் அவருடைய அறியாமை என்பதை நான் ஏற்கவில்லை. வேலையும் சம்பளமும் தங்குமிடமும் இன்று எந்த ஏற்பாட்டில் ஓடுகின்றனவோ, அந்த ஏற்பாடே அவரைத் திறந்த வெளியில் நிறுத்தியிருக்கிறது. அதைத் தொடாத எந்தப் பயிற்சியும் பாதுகாப்புப் பயிற்சி ஆகாது.

ஓடிபியையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் வேலைக்குச் சேரும் நாளில் என்ன நடக்கிறது? ஆபீசில் ஆதார் நகல், பாஸ்புக் நகல், போட்டோ வாங்குகிறார்கள். சம்பளக் கணக்கு தொடங்க வந்திருக்கும் வங்கி ஆள், "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறார். பிஎஃப் வேலைக்காக அதே ஆபீசில் இன்னொரு தடவை நம்பர் கேட்கிறார்கள். புது சிம் வாங்கினால் கடைக்காரர் கேட்கிறார். ரேஷன் அட்டையில் பிள்ளை பெயரைச் சேர்க்கப் போனால் இ-சேவை மையத்தில் கேட்கிறார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் கேட்கிறார். அது எண்ணெய் நிறுவனங்களே வகுத்த முறை. வருஷம் முழுக்க நம்பரைச் சொல்லிச் சொல்லித்தான் அவருடைய காரியங்கள் நடக்கின்றன. காலையில் கேட்டு வாங்கிய அதே ஆபீஸ், மதியம் கேன்டீனில் நின்று "யாருக்கும் சொல்லாதே" என்றால், அந்த "யாருக்கும்" என்பதில் யார் யார் அடக்கம் என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

பிஎஃப் பணம் எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மில்லுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் நம்பர், பாஸ்வேர்டு, போன் நம்பர் என்று கட்டம் போட்டு வரிசையாக எழுதியிருப்பார்கள். பாஸ்வேர்டு எல்லாம் ஒரே வார்ப்பு: பெயர், அட் குறி, ஒன்று இரண்டு மூன்று. விண்ணப்பம் போடும் அன்று கடைக்காரர் போன் செய்வார். கணக்குக்குச் சொந்தமான பெண் டீ இடைவேளையில் எடுத்து ஓடிபியைச் சொல்வார். பெரும்பாலும் கடைக்காரர் நாணயமானவர். ஆனால் அந்த நோட்டு ஒருநாள் வேறு கைக்குப் போனால் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதில் திறந்து கிடக்கும். இவர்களுக்கு ஆபத்து தெரியாதா? தெரியும். கேட்டால் சொல்வார்கள். ஆனால் இணையதளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிஎஃப் அலுவலகத்துக்கு ஒரு நடை போனால் ஒரு ஷிப்ட் சம்பளம் போகும். கம்பெனி ஆபீசில் கேட்டால் "அப்புறம் வா" என்பார்கள். பிரவுசிங் சென்டரில் நூறோ இருநூறோ கொடுத்தால் வேலை முடிந்துவிடும். கணக்குப் போட்டு எடுத்த முடிவு இது. இதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது அநியாயம்.

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு, அது வகுப்பு அல்ல. வாரத்தில் ஒருநாள் ஒரு கிளார்க் கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து, தொழிலாளியின் போனில், தொழிலாளியின் கையாலேயே பிஎஃப் வேலையைச் செய்து கொடுக்கட்டும். அந்த நோட்டுக்குத் தேவையே இல்லாமல் போகும்.

இதே தொழிற்சாலையில் இயந்திரம் என்று வரும்போது பாதுகாப்பு என்றால் என்ன என்பதை எல்லோரும் வேறு விதமாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். தையல் மெஷினில் ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்க நீடில் கார்டு இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் கண்ணுக்குக் காப்பு இருக்கிறது. மோட்டார் பெல்ட்டுக்கு மூடி இருக்கிறது. இவற்றை மாட்டச் சொன்னது சட்டம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சுழலும் பாகங்களுக்கு உறுதியான காப்பு போட வேண்டும், இயந்திரம் ஓடும் நேரம் முழுக்க அது இடத்தில் இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதன் அடிப்படை நியாயம் மாறவில்லை. தொழிலாளி கவனமாக இருப்பார் என்று நம்பி இயந்திரத்தைத் திறந்து வைக்கக்கூடாது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒரே வேலையைச் செய்யும் மனிதருக்குக் கவனம் சிதறும். சிதறும் அந்த நொடியிலும் விரல் தப்ப வேண்டும்.

கார்டு கொடுத்திருந்தும் ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பாதுகாப்பு அலுவலர் அந்தப் பெண்ணைத் திட்டமாட்டார். கார்டை யார் கழற்றியது, ஏன் கழற்றியது என்று கேட்பார். டார்கெட்டை எட்ட முடியாமல் கார்டு தடுத்திருக்கும். சூப்பர்வைசரே கழற்றச் சொல்லியிருப்பார். டார்கெட்டையும் கார்டின் அமைப்பையும் சரிசெய்தால்தான் அடுத்த விரல் தப்பும். கைபேசி விஷயத்தில் மட்டும் நாம் இந்த அறிவையெல்லாம் மறந்துவிட்டு, காப்பில்லாத இயந்திரத்துக்கு முன்னால் ஆளை உட்கார வைத்துக் "கவனமா இரு" என்று மூன்று தரம் சொல்ல வைக்கிறோம்.

காப்பு போட்டால் எது நடக்கும் என்பதற்குச் சான்று கண்முன் இருக்கிறது. யுபிஐ-யில் இன்னொருவரிடம் பணம் "கேட்டு"க் கோரிக்கை அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. பரிசு வந்திருக்கிறது, பின் நம்பரைப் போடுங்கள் என்று சொல்லி இதன் வழியாகப் பலரை ஏமாற்றினார்கள். பணம் பெறுவதற்குப் பின் தேவையில்லை என்று வருஷக்கணக்கில் வகுப்பு எடுத்தார்கள், விளம்பரம் செய்தார்கள். கடைசியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையே அப்படிக் கேட்டு அனுப்புவதையே நிறுத்தியது. அந்த வாசல் ஓர் உத்தரவில் மூடப்பட்டது. கடன் செயலிகளிலும் இப்படித்தான். போனில் இருக்கும் தொடர்பு எண்களை எடுத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் அனுப்பி மானத்தை வாங்கிய கும்பல்களைக் கண்ட பிறகு, தொடர்புப் பட்டியலையும் கோப்புகளையும் அழைப்பு விவரங்களையும் கடன் செயலிகள் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. சட்டத்துக்கு வெளியே இயங்கும் செயலிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் பயனரின் விழிப்புணர்வை மட்டும் நம்பியிருந்தால் இந்த அளவுக்குக்கூட வந்திருக்க மாட்டோம்.

கடன் செயலி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பளம் தள்ளிப்போகிற மாதத்தில்தான் தொழிலாளி அதைத் திறக்கிறார். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சம்பளத்தை 15-ஆம் தேதி போடும் கம்பெனிக்குக் கடன் செயலி பற்றி வகுப்பு எடுக்க எந்த யோக்கியதையும் இல்லை.

ஓடிபி மந்திரம் எட்டவே எட்டாத இடங்களும் உண்டு. ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனைக்கு ஓடிபி தேவையில்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இருந்தால் போதும், கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆலைகளின் நிலையைப் பாருங்கள். ஆதார் நகல்கள் கான்ட்ராக்டரின் பையிலும், ஹாஸ்டல் வார்டனின் அலமாரியிலும், ஆபீஸ் வாட்ஸ்அப்பிலும் கிடக்கின்றன. வாசலில் கைரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். இவற்றைச் சேகரித்தவர் முதலாளி. எத்தனை பேர் கையில் போகிறது, வேலையை விட்டுப் போன பிறகு அழிக்கப்படுகிறதா என்பதற்குத் தொழிலாளி என்ன விழிப்புணர்வு கொண்டு காவல் இருக்க முடியும்? அவருக்கு எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டக் கற்றுக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் நகல் வாங்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டியது ஆபீஸ்.

கம்பெனிக்கு வெளியே, அவரவர் போனில் நடக்கும் மோசடிக்கு முதலாளி எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்பவர்கள் உண்டு. 2016 நவம்பருக்கு முன்பு திருப்பூரில் பெரும்பகுதிச் சம்பளம் சனிக்கிழமை கவரில் கையில் வந்தது. பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு சம்பளப் பட்டுவாடாச் சட்டமே திருத்தப்பட்டு வங்கி வழிக்கு அழுத்தம் வந்தது. கணக்கில் போடுவது நல்லதே. பிடித்தம் எவ்வளவு என்பதற்குச் சான்று கிடைக்கிறது. ஆனால் எந்த வங்கி என்பதைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி. மொத்தமாகக் கணக்கு தொடங்க வைத்தது கம்பெனி. உற்பத்தி லைனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து ஷிப்ட் மாற்றத்தை அதில்தான் அறிவிப்பேன் என்பதும் கம்பெனி. மெஷினைப் போலவே போனும் இன்று உற்பத்திக் கருவி. அதன் பயன் தனக்கு, அதன் ஆபத்து தொழிலாளிக்கு என்று முதலாளி பிரித்துக்கொள்ள முடியாது.

அந்த வாட்ஸ்அப் குழுவைப் பற்றி எந்த வகுப்பிலும் ஒரு வார்த்தை வருவதில்லை. லைனில் இருக்கும் அத்தனை பெண்களின் நம்பரும் சூப்பர்வைசருக்கும் மெக்கானிக்குக்கும் அதில் கிடைத்துவிடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண்ணுக்குச் சூப்பர்வைசரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வருகிறது: "தூங்கிட்டியா?" பதில் போடாவிட்டால் மறுநாள் கஷ்டமான ஆபரேஷனில் உட்கார வைப்பார். போட்டால் அதுவே அவருக்கு எதிரான ஆதாரமாகத் திரும்பும். குழுவை விட்டு வெளியேறினால் ஷிப்ட் தகவல் கிடைக்காது. "தெரியாத நம்பரை பிளாக் பண்ணுங்க" என்ற அறிவுரை இவருக்கு எதற்கு? தொந்தரவு வருவது தெரிந்த நம்பரிலிருந்து. இது பணியிடப் பாலியல் துன்புறுத்தல். 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். அந்தக் குழுவின் உறுப்பினர் யார், அவரை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பது ஓடிபி வகுப்பின் பத்துப் படங்களை விட முக்கியமான பாடம்.

விழிப்புணர்வு வாதத்தின் முரட்டு வடிவம் ஹாஸ்டல்களில் நடக்கிறது. "சின்னப் பொண்ணுங்க, ஏமாந்துடுவாங்க" என்று சொல்லிப் போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கொடுக்கிற விடுதிகள் உண்டு. பெற்றோரும் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் போன் இல்லாத பெண் உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாதவள். தன் கணக்கில் சம்பளம் ஏறியதா என்று பார்க்க முடியாதவள். ஏடிஎம் கார்டு இன்னொருவர் கையில் இருந்தாலும் தெரியாதவள். அவளுடைய போனுக்கு வரும் ஓடிபி நம்பர்கள் வார்டன் அறையில் ஒளிர்கின்றன. பூட்டி வைத்த போன் யாரைப் பாதுகாக்கிறது என்று கேட்டால், விடுதியை நடத்துபவரை என்பதே நேர்மையான பதில்.

வதந்தி விஷயத்திலும் இதே தப்பைச் செய்கிறோம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு ஒவ்வாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவி, பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இறப்புச் செய்தி பொய். விடுதிகளும் உணவுக்கூடங்களும் மோசம் என்பது உண்மை. ஆப்பிள் நிறுவனமே அவை தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. கூட இருந்தவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதற்கு நம்பும்படியான பதில் கிடைக்காத இடத்தில் பொய்ச் செய்திதான் நுழையும். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் சுற்றியபோதும், "ஃபார்வர்டு பண்ணாதீங்க" என்று சொல்லி யாருடைய பயமும் போகவில்லை. மாவட்ட நிர்வாகம் இந்தியில் பேசியது, உதவி எண்களைக் கொடுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அதற்குப் பிறகே ஊர்கள் அமைதியாயின. உண்மை விரைவாகக் கிடைக்கும் ஏற்பாடு ஆலையில் இருந்தால் வதந்தி தானே மெலியும்.

சரி, விழிப்புணர்வு வகுப்பால் நன்மை குறைவாக இருக்கலாம், கெடுதல் என்ன என்பார்கள். கெடுதல் பெரியது. "ஏமாறுகிறவர் இருக்கிற வரை" என்று தொடங்கும் பேச்சைக் கேட்டவர், தனக்கு அது நடந்ததும் வாயைத் திறக்கமாட்டார். புருஷனுக்குத் தெரியக்கூடாது, லைனில் சிரிப்பார்கள் என்று இரண்டு நாள் விழுங்கிக்கொண்டு இருப்பார். இந்த மோசடியில் பணம் சில நிமிடங்களில் நாலைந்து கணக்கு தாண்டிவிடும். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட்டால் வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி, வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு முழு இழப்பீடு என்கிறது. அவரே நம்பரைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் சட்டம் கொடுத்த உரிமையைக் கரைக்கிறது. அந்த வெட்கத்தை ஊட்டியது வகுப்பு. அங்கே வாங்கிய கையெழுத்து, "நாங்கள் சொல்லிவிட்டோம்" என்று கம்பெனி கைகழுவ உதவுகிறது.

ஆகவே பயிற்சியே வேண்டாமா? வேண்டும், வேறு மாதிரி வேண்டும். முதல் பயிற்சி சூப்பர்வைசர்களுக்கும் வார்டன்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் நடக்க வேண்டும். ஆதார் நகலை என்ன செய்வது, குழுவில் யார் நம்பர் யாருக்குத் தெரியலாம், எந்த ஓடிபியை எவரும் கேட்கக்கூடாது என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொழிலாளர் பயிற்சி சம்பளம் வெட்டாத வேலை நேரத்தில், பதினைந்து இருபது பேராக, மேலதிகாரி யாரும் இல்லாத அறையில் நடக்க வேண்டும். ஒடியாக்காரர்களுக்கு ஒடியாவில், இந்திக்காரர்களுக்கு இந்தியில். படம் காட்ட வேண்டாம். அவரவர் போன் கையில் இருக்கட்டும். பட்டன் போன் வைத்திருப்பவர் அதிலேயே பழகட்டும். பணம் போனதாக வைத்துக்கொண்டு 1930-ல் என்ன கேட்பார்கள், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் குறுஞ்செய்தியில் எங்கே இருக்கும், வங்கியின் நம்பர் எது என்று ஒருவர் கேட்க ஒருவர் சொல்லிப் பழக வேண்டும். தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்க வேண்டும்.

இளைஞர்களிடம் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "உன் கணக்கைப் பத்து நாள் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று கேட்கும் ஆட்கள் தொழில் நகரங்களில் சுற்றுகிறார்கள். கொடுத்தவரின் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் போகும். சம்பளக் கணக்கு முடங்கும். ஊர் பெயர் தெரியாத மாநிலத்துப் போலீஸ் நோட்டீஸ் வரும். தான் ஏமாறுவதைப் பற்றி மட்டும் பேசும் வகுப்பு, தன்னை வைத்து இன்னொருவரை ஏமாற்றுவதைப் பற்றி இவர்களிடம் பேசியதே இல்லை.

பயிற்சியாளர் மாலை காரில் ஏறிப் போய்விடுவார். தொந்தரவு மறுநாள் வரும். ஆகவே ஒவ்வொரு லைனிலும் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஒருவர், நிர்வாகம் பழிவாங்க முடியாத பாதுகாப்போடு இருக்க வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலையின் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022-ல் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனத்துடனும் எச் அண்டு எம் உள்ளிட்ட பையர்களுடனும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்றுவிக்கப்பட்டு உற்பத்தித் தளத்தில் நிறுத்தப்பட்டார்கள்; அவர்களைத் தொட்டால் பையரின் ஆர்டருக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. போனில் வரும் தொந்தரவுக்கும் மோசடிக்கும் அதே ஆட்கள், அதே பாதுகாப்பு போதும்.

பயிற்சி வென்றதா என்பதை அளக்கும் முறையும் மாற வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு வேண்டாம். பணம் போனவர் எத்தனை மணி நேரத்தில் வாய் திறந்தார், உள்புகார்க் குழுவுக்கு எத்தனை வாட்ஸ்அப் செய்திகள் வந்தன, ஆபீஸ் எந்தப் பழக்கத்தைக் கைவிட்டது என்று பாருங்கள். முதல் ஆண்டில் புகார் ஏறும். ஏறினால் பயிற்சி வேலை செய்கிறது என்று பொருள். நிர்வாகங்கள் இதைத் தோல்வி என்று படித்து அடுத்த ஆண்டு பயிற்சியாளரை மாற்றிவிடக்கூடாது.

அடுத்த வகுப்புக்குத் தேதி குறித்து வைத்திருக்கும் மனிதவளத் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தேதிக்கு முன்னால் மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய ஆதார் நகல்களை அழியுங்கள். ஹாஸ்டலில் வாங்கி வைத்த போன்களைத் திருப்பிக் கொடுங்கள். லைன் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு, நம்பர் வெளியே தெரியாத அறிவிப்பு முறை ஒன்றை வையுங்கள். பிறகு தொழிலாளர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அன்றைக்குப் பேச உங்களுக்கு அருகதை இருக்கும்.